மண்ணை மட்டும் அளந்தால் போதுமா?

நீடித்த வேளாண்மையை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட மாணவர் ஒருவர் ஆந்திரத்தின் இயற்கை வேளாண் கிராமத்துக்குச் செல்வதாகக் கொள்வோர், அவர் எவற்றையெல்லாம் அளப்பார் என்பதை எளிதில் ஊகிக்கலாம். மண்ணின் கரிமச்சத்து, பாசன நீரின் அளவு, ஜீவாமிர்தத்தின் பயன், மூடாக்கின் பலன், ஏக்கருக்கு விளைச்சல். இவை அளக்கப்பட வேண்டியவையே. உரக் கம்பெனிகளின் பிடியிலிருந்து விவசாயி விடுபட அறிவியல் தேவை. ஆனால், அந்த நிலம் யாருக்குச் சொந்தம், அடுத்த ஆண்டும் அதே உழவருக்குக் கிடைக்குமா என்ற கேள்வி வினாப்பட்டியலில் இல்லையெனில், அது பாதி ஆய்வே.

இயற்கை வேளாண்மை பரவாமைக்கு விவசாயியின் அறியாமையே காரணம் என்று முடிவுரை எழுதுவது எளிது. ஆளும் வர்க்கத்துக்கும் அதுவே உவப்பானது. உண்மை வேறு. கெட்டுப்போன மண் உயிர்பெறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அங்ககச் சான்றிதழுக்கான தேசியத் திட்டமே ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டாண்டு மாற்றக் காலம் விதிக்கிறது. ஆந்திர அரசு 2019-இல் இயற்றிய பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டமோ, குத்தகை விவசாயிக்கு 11 மாதங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் அட்டையை வழங்கியது. அதற்கும் நில உரிமையாளரின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. பதினோரு மாத உழவர் யாருடைய மண்ணுக்கு உரமேற்றுவார்? மண் வளம்பெற்ற மறு பருவத்தில் குத்தகை உயராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிரதமரின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகையும் நில உரிமையுள்ள குடும்பங்களுக்கே; உழுபவருக்கு அல்ல.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு கோடி விவசாயிகள், 7.5 லட்சம் ஹெக்டேர் என்பது இலக்கு. மாநிலங்களின் பங்கையும் சேர்த்து ஒதுக்கீடு 2,481 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு விவசாயிக்கு 2,481 ரூபாய். அதுவும் ஓராண்டுக்கான தொகை அன்று. மாற்றக் காலத்தில் விளைச்சல் குறைந்தால் அந்த இழப்பை ஏற்பது யார்? உழவர் மட்டுமே. பூமியைக் காக்கும் பொறுப்பு ஏழையின் தலையில். பாராட்டு விழா மட்டும் அமைச்சர்களுக்கு.

குத்தகை விவசாயிகளை உரிமையாளரின் ஒப்புதலின்றியே பதிவு செய்வது, குத்தகைக்குச் சட்டப் பாதுகாப்பு, மாற்றக் கால இழப்பீடு, கட்டுபடியாகும் விலைக்குச் சட்ட உத்தரவாதம் ஆகியவை வேளாண் சீர்திருத்தக் கோரிக்கைகள் மட்டுமல்ல. மண்ணைக் காக்கும் கோரிக்கைகளும் அவையே. மாணவர்கள் மண் மாதிரியோடு குத்தகைச் சீட்டையும் கேட்டு வாங்கட்டும். சீட்டே இல்லை என்று உழவர் சொன்னால், அதுவே ஆய்வின் முதல் முடிவு. உழுபவருக்கு நிலம் நிலைக்காத நாட்டில் எந்த வேளாண்மையும் நீடிக்காது.