புகார் எழுதும் வாசகர் எதிரி அல்ல

ரயில் நிலையத்தில் புகார்ப் புத்தகம் கேட்கிற பயணியைக் கண்டால் சிப்பந்திகளின் முகம் சுளிக்கும். வேலை மெனக்கெட்டு வந்து குறை சொல்கிறாரே என்று நினைப்பார்கள். ஆனால் சற்று யோசித்தால் ஓர் உண்மை விளங்கும். அதே வண்டியில் மறுபடியும் ஏறப் போகிறவர்தான் புகார் எழுதுவார். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்தவர் பேனாவைத் தொடமாட்டார். பேசாமல் பஸ் ஏறிப் போய்விடுவார்.

அமெரிக்காவில் 2011-ம் ஆண்டு படக்கதை வாசகர்கள் எழுப்பிய புகார்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. குழந்தைகள் படிக்கும் காமிக்ஸ் புத்தகத்துக்கு இத்தனை சண்டையா என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

52 புதிய புத்தகங்கள்

சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் முதலியோரின் கதைகளை வெளியிடுவது டி.சி. காமிக்ஸ் நிறுவனம். பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த கதைகளை அது 2011-ல் நிறுத்தியது. 52 புத்தகங்களுக்கு முதலாம் எண் போட்டு, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியது. ஆகஸ்டு 31-ந் தேதி முதல் புத்தகம் வெளிவந்தது. செப்டம்பர் மாதம் முழுவதும் மற்றவை வரிசையாக வந்தன.

நோக்கம் தவறானது அல்ல. பழைய கதைகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கலாகிவிட்டன. புதிதாகப் படிக்க வருகிறவருக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. கடையைத் திருத்திக் கட்டி, புதிய வாடிக்கையாளரை அழைப்பது வியாபாரிக்கு அழகுதான். விற்பனையும் கூடியது.

ஆனால் கடையைத் திருத்திக் கட்டும்போது கதாநாயகிகளையும் மாற்றிக் கட்டினார்கள். அங்கேதான் வம்பு வந்தது.

சிறுமி கேட்ட நியாயம்

ஸ்டார்பயர் என்று ஒரு கதாநாயகி உண்டு. 1980-ல் மார்வ் உல்ப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்தார். வேற்றுக் கிரகத்து இளவரசி. அடிமையாக விற்கப்பட்டு, தப்பிப் பூமிக்கு வந்தவள். கோபம் வந்தால் நெருப்பு. மற்ற நேரங்களில் எல்லாரிடமும் பாசத்தைக் கொட்டுகிறவள். 2003 முதல் 2006 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'டீன் டைட்டன்ஸ்' கார்ட்டூன் தொடரின் மூலம் சிறுமிகள் பலருக்கு அவள் தோழியாகிவிட்டாள்.

2011 செப்டம்பரில் வந்த புதிய புத்தகத்தில் அவள் எப்படி இருந்தாள்? கடலோரத்தில் நீச்சல் உடையில் நிற்கிறாள். பழைய நண்பர்களின் நினைவே அவளுக்குச் சரியாக இல்லை. பக்கத்தில் இருக்கும் ஆடவனை, பெயரைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல், உறவுக்கு அழைக்கிறாள். அதே நாளில் வந்த கேட்வுமன் கதையின் தொடக்கத்தில் அவள் உடம்பைத் துண்டு துண்டாக வரைந்திருந்தார்கள். முகம் பிறகுதான் தெரிந்தது.

இதைக் கண்டு ஒரு தாய், ஸ்டார்பயரை உயிராக நேசித்த தன் ஏழு வயது மகளிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் காட்டிக் கருத்துக் கேட்டார். புதியவள் யாரோடும் சண்டை போடவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை, சும்மா நிற்கிறாள் என்ற பொருளில் சிறுமி பதில் சொன்னாள். பழையவளைத்தான் தனக்குப் பிடிக்கும் என்றாள். அந்தப் பேச்சை அமெரிக்கா முழுவதும் படித்தார்கள்.

சிறுமி ஆடையை மட்டும் பார்க்கவில்லை. ஸ்டார்பயர் 1980-லேயே குறைந்த உடை உடுத்தியவள்தான். வேலை ஒன்றும் இல்லாமல் அவளை நிறுத்திவிட்டார்களே என்பதுதான் சிறுமியின் கேள்வி. பெரியவர்கள் எழுதிய நீண்ட கட்டுரைகளில்கூட விஷயத்தை இத்தனை நேராகத் தொட்டவை குறைவு.

நிறுவனம் என்ன சொன்னது? வாசகர்கள் பேசுவதைக் கேட்டோம், மகிழ்ச்சி. எந்த வயதினருக்கான புத்தகம் என்று அட்டையில் போட்டிருக்கிறோம், பார்த்து வாங்குங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. டிக்கெட்டின் பின்பக்கம் விதி அச்சடித்திருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்பது போல் இருந்தது அது. விதி சரிதான். குறை தீர்ந்ததா?

எதிர்த்தரப்பின் வாதம்

மாறாகப் பேசியவர்களும் உண்டு. சூப்பர்மேனும் பேட்மேனும் புடைத்த தசைகளோடு, உடம்பை ஒட்டிய உடையோடுதான் வருகிறார்கள். அவர்களைப் பற்றி மட்டும் ஏன் பேச்சில்லை என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதே. பதிலும் உண்டு. சூப்பர்மேனின் தோளைப் பார்க்கும் பையன், தனக்கும் அப்படி ஒரு தோள் வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அவனுக்காகவே அதை வரைகிறார்கள். அந்த கேட்வுமன் பக்கங்களைப் பார்க்கும் சிறுமிக்கு ஆசைப்பட என்ன இருக்கிறது? அவை அவளுக்காக வரையப்பட்டவையே அல்ல. வேறு யாரோ வேடிக்கை பார்ப்பதற்காக வரையப்பட்டவை. மூன்று டாலர் கொடுத்து வாங்கிய வாசகி, தன்னை யாரும் நினைக்கவில்லை என்பதை அந்தப் பக்கங்களில் கண்டுகொள்கிறாள்.

இதற்குக் காரணத்தையும் வாசகர்கள் முன்னமே கண்டுபிடித்திருந்தார்கள். 2011 ஜூலையில் சான் டியாகோ நகரில் நடந்த காமிக்ஸ் விழாவில், பேட்கேர்ள் வேடமணிந்த ஒரு வாசகி, நிறுவனத்தாரின் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்து கேள்வி கேட்டார். எழுதுகிறவர்களில் பெண்கள் எங்கே, கதைகளில் பெண்கள் எங்கே என்பதே கேள்வி. கூட்டத்தில் சிலர் கேலி செய்தார்கள். ஆனால் அந்த மாத இறுதியிலேயே, உங்கள் குரலைக் கேட்டோம், கவலையைப் புரிந்துகொண்டோம் என்று நிறுவனம் அறிக்கை வெளியிட நேர்ந்தது. 52 புத்தகங்களின் முதல் இதழ்களை எழுதியவர்களில் பெண் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கெயில் சிமோன். சமையல் அறைக்குள் போகாதவர்கள் மட்டும் கூடிச் சமையலறைக்குத் திட்டம் போட்டால் அடுப்பு எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சக்கர நாற்காலி எங்கே?

எல்லாப் புகாரும் உடையைப் பற்றியதல்ல. மனத்தைத் தொடும் புகார் ஒன்று அந்த கெயில் சிமோன் எழுதிய பேட்கேர்ள் கதையைப் பற்றியே வந்தது.

பேட்கேர்ளாகிய பார்பரா கார்டன் 1967-ல் அறிமுகமானவள். 1988-ல் வந்த ஒரு கதையில் வில்லன் ஜோக்கர் அவளைச் சுடுகிறான். அவள் கால்கள் செயலிழந்துவிடுகின்றன. ஆனால் மறு ஆண்டே அவள் ஆரக்கிள் என்ற புதிய பெயரோடு வந்தாள். சக்கர நாற்காலியில் அமர்ந்து, கம்ப்யூட்டர்களின் துணையோடு மற்ற வீரர்களுக்கெல்லாம் வழிகாட்டினாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தாள். 2011-ல் அவளை எழுந்து நடக்க வைத்து, மறுபடியும் பேட்கேர்ள் ஆக்கினார்கள்.

பழைய பேட்கேர்ளை விரும்பியவர்கள் கொண்டாடினார்கள். நாற்காலியில் வாழும் வாசகர்கள் வருந்தினார்கள். தங்களைப் போல் இருந்து, யாருக்கும் குறைவில்லாமல் வேலை செய்து காட்டிய ஒரே பெரிய பாத்திரம் போய்விட்டதே என்பது அவர்கள் துயரம். ஆரக்கிள் கதைகளைப் பல ஆண்டுகள் அன்போடு எழுதியவரும் இதே சிமோன்தான். இங்கே கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் ஒரு தரப்பு எதையோ இழந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அமெண்டா வாலர் என்ற பாத்திரத்துக்கு நேர்ந்ததும் இதுவே. 1986-ல் அறிமுகமான கறுப்பினப் பெண் அதிகாரி. நடுத்தர வயது, பருத்த உடம்பு. பேட்மேனையே எதிர்த்து நின்று பேசுகிறவள். 2011-ல் அவள் இளைத்து, இளமையாகி, மற்ற பெண்களைப் போலவே ஆகிவிட்டாள். பருத்த பெண்மணி ஒருத்தி அதிகாரம் செலுத்தும் காட்சி அதோடு போயிற்று.

பழைய கதை

வாசகர்கள் கேட்டதால் கதாநாயகி மீண்ட வரலாறு புதிதல்ல. வொண்டர் உமன் 1941-ல் பிறந்தவள். 1968-ல் காலத்துக்கு ஏற்ப மாற்றுகிறோம் என்று சொல்லி அவளுடைய சக்தியைப் பறித்தார்கள். துணிக்கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக்கினார்கள். எழுதியவர்கள் அதை முன்னேற்றம் என்றே நம்பினார்கள். சிறு வயதில் அவளைப் படித்து வளர்ந்த குளோரியா ஸ்டைனம் போன்ற பெண்ணுரிமையாளர்கள் ஒப்பவில்லை. 1972 ஜூலையில் தொடங்கிய 'மிஸ்' பத்திரிகையின் அட்டையில் பழைய உடையோடு, பழைய சக்தியோடு வொண்டர் உமன் படத்தைப் போட்டார்கள். 1973-ல் அவளுக்குச் சக்தி திரும்பி வந்தது.

இதே நிறுவனம் வாசகர்களின் தீர்ப்பைத் தானாகவே கேட்டதும் உண்டு. 1988-ல், பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று டெலிபோனில் ஓட்டு எடுத்தது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. எழுபத்திரண்டே ஓட்டில் அந்தப் பையன் செத்தான். பிற்காலத்தில் அவனை உயிர்ப்பித்து 'ரெட் ஹூட்' ஆக்கினார்கள். 2011-ல் ஸ்டார்பயர் கடலோரத்தில் நின்றது அவன் பெயர் தாங்கிய புத்தகத்தில்தான்!

கட்டணம் வாங்கிக்கொண்டு கேட்ட ஓட்டுக்கு அன்று அத்தனை மதிப்பு. காசில்லாமல் வந்த கருத்துக்கு மட்டும் ஏன் அட்டையைப் பார் என்ற பதில்?

நன்றாகச் செய்தவர்கள்

கதாநாயகியை மாற்றவே கூடாது என்று வாதிப்பது பேதைமை. மாற்றி வென்றவர்கள் உண்டு. போட்டி நிறுவனமான மார்வெல் 2012-ல் கரோல் டான்வர்ஸ் என்ற தன் கதாநாயகியை நீச்சல் உடையிலிருந்து விமானிக்குரிய உடைக்கு மாற்றியது. கேப்டன் மார்வெல் என்ற பட்டத்தையும் கொடுத்தது. கெல்லி சூ டிகோனிக் என்ற பெண் எழுதினார். வாசகிகள் தாங்களே படை போல் திரண்டு அந்தப் புத்தகத்தைத் தாங்கினார்கள்.

2014-ல் மிஸ் மார்வெல் என்ற பெயரில் கமலா கான் வந்தாள். அமெரிக்காவின் ஜெர்ஸி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். வீட்டில் ஒரு பழக்கம், பள்ளியில் ஒரு பழக்கம். இரண்டுக்கும் நடுவே தவிக்கிறாள். சக்தி கிடைத்த கையோடு, பொன்னிற முடி கொண்ட வெள்ளைக்காரி கரோல் டான்வர்சாக உருமாறுகிறாள். பிறகுதான், தன் சொந்த முகத்தோடு இருப்பதே நல்லது என்று தெளிகிறாள். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், ஆசிரியர் சனா அமானத், இருவரும் பெண்கள். 2015-ல் ஹியூகோ விருது கிடைத்தது.

பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்து, வீட்டில் தமிழும் தெருவில் வேறு மொழியுமாகப் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கு கமலாவின் தவிப்பை விளக்க வேண்டுமா? மற்றப் பிள்ளைகளைப் போல் பேச வேண்டும், அவர்களைப் போல் இருக்க வேண்டும் என்று ஏங்கும் பெண் குழந்தை இங்கேயும் பல வீடுகளில் உண்டு. அமெரிக்கக் காமிக்ஸ் அமெரிக்காவோடு நிற்கவில்லை. அந்தக் கதாநாயகிகள் சினிமாவாகவும் கார்ட்டூனாகவும் அந்த வீடுகளுக்குள் வந்துவிட்டார்கள்.

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கும் இது புரியாத சங்கதி அல்ல. சிவகாசியிலிருந்து 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ், தன் முதல் இதழின் நாயகியாக மாடஸ்டி என்ற பெண்ணைத்தான் நிறுத்தியது. அவளைக் காப்பாற்ற யாரும் வர வேண்டியதில்லை; அவள்தான் மற்றவர்களைக் காப்பாற்றுவாள். பையன்களும் அதை விரும்பித்தான் படித்தார்கள். சாமர்த்தியமான கதாநாயகியைக் காட்டினால் ஆண்கள் வாங்கமாட்டார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

எந்தப் புகாரை ஏற்பது?

எல்லாப் புகாருக்கும் தலையாட்டினால் எழுத்தாளன் எழுதவே முடியாது என்பார்கள். அதுவும் மெய்யே. கமலா கானைக் கண்டும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். தங்கள் பழைய கதாநாயகியின் பெயரை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. இரண்டு புகாரும் ஒரே எடை அல்ல. எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது ஒரு வகை. இன்னொருத்திக்கு இடம் கொடுக்காதே என்பது வேறு வகை. ஆசிரியர் நாற்காலியில் உட்காருகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். இரண்டையும் காது கொடுத்துக் கேட்கலாம். முதலாவதற்கு வழி செய்யலாம்.

டி.சி. நிறுவனமும் மெல்ல மெல்ல அதைக் கற்றுக்கொண்டது. 2014 அக்டோபரில் பேட்கேர்ளுக்குத் தோல் சட்டையும் தடித்த பூட்சும் கொடுத்து, பாப்ஸ் டார் என்ற பெண் ஓவியரை வரைய வைத்தது. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் வாசகிகள் தாங்களும் அவளை வரையத் தொடங்கினார்கள். 2015 மார்ச்சில், ஜோக்கரின் பிடியில் பேட்கேர்ள் கண்ணீர் வடிக்கும் அட்டைப்படம் ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தபோது, வரைந்த ஓவியர் ரபேல் அல்புகெர்க்கே தாமே கேட்டுக்கொண்டு அதைத் திரும்பப் பெறச் செய்தார். அதே ஆண்டு ஜூனில் ஸ்டார்பயருக்குத் தனிப் புத்தகம் வந்தது. அமெண்டா கானர், ஜிம்மி பால்மியோட்டி இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பாசமும் வெகுளித்தனமும் நிறைந்த பழைய ஸ்டார்பயர் அதில் திரும்பி வந்தாள்.

அந்த ஏழு வயதுச் சிறுமிக்கு அப்போது பதினோரு வயது ஆகியிருக்கும். நான்கு ஆண்டுகள் குழந்தைப் பருவத்தில் சிறிய காலமல்ல. அதற்குள் எத்தனை சிறுமிகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வழி போனார்களோ! அவர்கள் யாரும் புகார் எழுதியிருக்கமாட்டார்கள். புகார் எழுதியவர்கள் காத்திருந்தார்கள். ஆகவே, புத்தகம் போடுகிறவரானாலும் சரி, வண்டி விடுகிறவரானாலும் சரி, குறை சொல்ல வருகிறவருக்கு முதலில் ஒரு நாற்காலி போடட்டும். அவர் சொல்வதை முழுவதும் கேட்ட பிறகு பதில் சொல்லட்டும்.