நாக்கை மட்டும் திட்டாதீர்கள்!

"இதயத்தைக் காப்பாற்ற நாக்கைக் கட்டு" என்று சொல்வது சுலபம். ஆனால் நாக்கு மட்டுமா குற்றவாளி?

பின்லாந்தின் வடக்குக் கரேலியாவைப் பாருங்கள். வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், ஏகப்பட்ட உப்பு, கூடவே சிகரெட்... நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் குழு களத்தில் இறங்கியது. வெறும் அறிவுரையோடு நிற்கவில்லை. வீட்டுப் பெண்களோடு சேர்ந்து காய்கறி அதிகமுள்ள சமையலைப் பரப்பினார்கள். உணவுத் தயாரிப்பாளர்களிடம் பேசிக் கொழுப்பையும் உப்பையும் குறைக்க வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்களைப் பெர்ரி பயிரிடத் தூண்டினார்கள். சிகரெட்டும் குறைந்தது. சுமார் 40 வருடங்களில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது!

நல்ல சாப்பாடு கைக்கெட்டாத ஊரில் மன உறுதியைப் பற்றிப் பேசி என்ன பயன்? முதலில் கடை மாறட்டும், நாக்கு பின்னாலேயே வரும்.