மாவு டப்பாவும் நீல மாத்திரையும்

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நூற்றில் ஒரு விநாடி பிந்தியதால் வெண்கலப் பதக்கத்தை இழந்த பி.டி. உஷா, அங்கே தமக்கு ஒத்த ஆகாரம் கிடைக்காமல் கஞ்சியையும் ஊறுகாயையும் உண்டு ஓட நேர்ந்ததாகவும், கடைசி 35 மீட்டரில் அதன் பலனைச் சரீரம் காட்டிவிட்டதாகவும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தேசத்தின் பிரதிநிதிக்கே அந்தக் கதி என்றால், வட்டாரப் போட்டிக்காக விடியற்காலையில் பஸ் ஏறித் திருக்கோவிலூருக்கு வந்து, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் டீயை ஊற்றிக்கொண்டு மைதானத்தில் இறங்கும் பள்ளிப் பெண்ணின் நிலையை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய பெண் களைத்துப் பின்தங்கினால், உடனே எல்லோருக்கும் ஞாபகம் வருவது புரோட்டீன் பவுடர். கரும்பு வெட்டும் தகப்பன் பல நாள் கூலியைக் கொடுத்து வாங்கும் அந்த டப்பாவின் யோக்கியதை என்ன? நம் நாட்டுச் சந்தையில் விற்கும் 36 பவுடர்களைப் பரிசோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் மேலே அச்சிட்ட புரத அளவு உள்ளே இருந்ததற்குப் பொருந்தவில்லை. அன்றியும், அத்தகைய டப்பாக்களில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்து பரிசோதனையில் அகப்பட்டால், ஊக்கமருந்து விதிகளின்படி பதில் சொல்ல வேண்டியவர் விளையாட்டு வீரரே, கடைக்காரர் அல்ல.

உண்மையான குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். மாதவிலக்கில் போவது போக, வியர்வையிலும், பாதம் தரையில் மோதும்போது சிதையும் இரத்த அணுக்களிலும் ஓடுகிறவள் மேலும் இரும்பை இழக்கிறாள். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் டீயோ உள்ளே வரும் இரும்பையும் சேரவிடாமல் தடுக்கிறது. 60 மில்லிகிராம் இரும்புள்ள நீல மாத்திரை பள்ளியில் வாரந்தோறும் கிடைக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறதென்று ஆசிரியர் திரும்பியதும் துப்பிவிடும் பெண்களும் உண்டு. விழுங்கினாலும், அது குறை வராமல் காக்கும் அளவே தவிர, வந்த குறையைத் தீர்க்கும் வைத்தியமன்று. ஆகையால், ஹீமோகுளோபினோடு, சேமிப்பில் எவ்வளவு இரும்பு உண்டென்று காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்காமல் எதையும் வாங்கித் தருவது குருட்டு வைத்தியம் என்பதே என் அபிப்பிராயம்.

கல்வராயன் மலைச் சாமையே சர்வரோக நிவாரணி என்று பேசுவோரும் இருக்கிறார்கள். நல்ல தானியந்தான், ஆனால் இரும்புக்கு அதை மட்டும் நம்பலாகாது. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து, 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம், எலும்புக்கு உதவும். முட்டை, முருங்கைக்கீரை, நிலக்கடலை, உடன் ஒரு நெல்லிக்காய்: இவை நம் சந்தையிலேயே கிடைப்பவை.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; பந்தயத்துக்கு ஓடும் பெண்களோ அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் இருக்கிறார்கள். கிராமப் பள்ளிகளில் எப்படியும் எரிகிற அந்த அடுப்பிலேயே, பயிற்சிக்கு வருகிற மாணவிக்கும் ஒரு தட்டு உப்புமாவும் ஒரு முட்டையும் சேர்த்து வைக்க அரசு உத்தரவிட வேண்டும். இரத்தப் பரிசோதனையைப் போட்டிகளுக்குப் பெயர் பதியும் மாதத்திலேயே முடித்துவிடலாம்.