புகையை அளப்பவர் எங்கே நிற்கிறார்?

பழைய காரை விற்க மனமில்லாதவர்கள் நம்மிடையே இன்னும் பலர் உள்ளனர். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800 ஆகியவற்றைத் தாமே பிரித்துச் சீர்செய்வதை ஓய்வுக்காலத்தின் இன்பமாகக் கருதும் அவர்களுள் சிலர், எங்கள் நுரையீரல் சிகிச்சைப் பிரிவுக்கும் வருகின்றனர். அண்மைக்காலமாக அவர்களுடைய கருவிப்பெட்டியில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. புகைக்குழாய்க்குள் ஒரு நீண்ட குழலைச் செருகி, வெளிவரும் வாயுக்களை அளந்து காட்டும் புகை அளவுமானி அது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வழங்கும் நிலையங்களில் நாம் காணும் கருவியின் சிறிய வடிவம் எனலாம். "இதை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா, டாக்டர்?" என்று கேட்பவர்களிடம், வாங்குங்கள் என்றே சொல்கிறேன். என் கவலை கருவியைப் பற்றியதன்று. அதைப் பிடித்திருப்பவர் நிற்கும் இடத்தைப் பற்றியது.

கருவியால் நன்மை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரின் கலவைத் திருகைச் சற்றே கூடுதலாகத் திறந்துவிட்டால் பெட்ரோல் மிகும். எஞ்சினின் ஓசையோ இதமாகவே இருக்கும். காதால் கேட்டு டியூன் செய்பவருக்கு அது நிறைவளிக்கும். ஆனால் அரைகுறையாக எரிந்த பெட்ரோல் கார்பன் மோனாக்சைடாகத் தெருவில் கலக்கும். பாரத் ஸ்டேஜ் 2 விதிகளுக்கு முன் தயாரான பெட்ரோல் கார், ஐட்லிங்கில் 3 விழுக்காடு வரை கார்பன் மோனாக்சைடு வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு அந்த வரம்பு 0.3 விழுக்காடு. பத்து மடங்கு வேறுபாடு! பழைய காரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாதபோது, தெருவுக்கும் அந்தப் புகைக்கும் இடையே இருப்பது டியூனிங் மட்டுமே. சான்றிதழ் சோதனை செய்த ஒரு நாளின் நிலையைத்தான் கூறும். அடுத்த மாதமே ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அந்தத் தாளுக்கு அது தெரியாது.

பூஜ்யத்தைத் துரத்துவதும் தவறு. கார்பன் மோனாக்சைடு குறையக் குறைய ஹைட்ரோகார்பன் அளவு திடீரென ஏறினால், கலவையில் பெட்ரோல் போதாமலோ ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடாமலோ பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது என்று பொருள். சைலன்ஸரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து எல்லா அளவுகளையும் அழகாகக் காட்டிவிடும். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே அளக்க வேண்டும். இவையெல்லாம் நல்ல மெக்கானிக்குகள் அறிந்தவை. அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மெக்கானிக் சொல்லாமல் விடக்கூடிய ஒன்றைச் சொல்வதே என் வேலை.

இக்கருவிகள் கார்பன் மோனாக்சைடை விழுக்காட்டில் காட்டுகின்றன. திரையில் தோன்றும் மிகச் சிறிய எண் பெரும்பாலும் 0.01. அந்த 0.01 விழுக்காடு என்பது பத்து லட்சத்தில் 100 பங்கு, அதாவது 100 பிபிஎம். வீட்டுக்குள் இருக்கும் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 பிபிஎம், கால் மணி நேரத்துக்கு ஏறத்தாழ 90 பிபிஎம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. ஆகவே, குழலை வெளியே எடுத்து ஷெட்டின் நடுவே பிடித்து, "பாருங்கள், 0.00 காட்டுகிறது, காற்று சுத்தம்" என்று ஒருவர் மகிழ்ந்தால், அந்தப் பூஜ்யத்துக்குப் பொருளே இல்லை. புகைக்குழாய்க்காகச் செய்யப்பட்ட அளவுகோல் மனிதர் சுவாசிக்கும் காற்றுக்குப் பொருந்தாது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் தங்கத்தை நிறுப்பது போன்றது அது.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார் நிற்கும் ஷெட் சுமார் 50,000 லிட்டர் காற்றைக் கொள்ளும். ஐட்லிங்கில் ஓடும் சிறிய எஞ்சின் நிமிடத்துக்கு 100 லிட்டர் புகை விடுவதாகவும், அதில் 3 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு இருப்பதாகவும் கொள்வோம். நிமிடத்துக்கு 3 லிட்டர். ஷட்டர் மூடியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 60 பிபிஎம் ஏறும். இருபதாவது நிமிடத்தில் 1,200 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிறுவனம் குறித்துள்ள அளவு அதுவே. எஞ்சினைச் சூடேற்றி, திருகைத் திருப்பி, அளந்து, மீண்டும் திருப்புவதற்கு இருபது நிமிடம் அதிகமன்று. குளிர்ந்த எஞ்சினை சோக் இழுத்து ஓட்டும்போது புகையில் நஞ்சு இன்னும் மிகும். ஷட்டரைப் பாதி திறந்து டேபிள் ஃபேன் வைத்தால் போதாதா என்பார்கள். ஃபேன் அதே காற்றைத்தான் சுழற்றும்.

நீண்ட நாள் மூச்சுக்குழாய் நோயுள்ள முதியவர் ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். மழைக்காலத்தில் ஷெட்டுக்குள்ளேயே காரை டியூன் செய்வாராம். "தலைவலின்னு வந்து படுத்துடறார், டாக்டர், கேட்டா கண்ணாடி மாத்தணும்கிறார்" என்றார் அந்த அம்மையார். பெரியவர் விடவில்லை. "விரல்ல மாட்டுற மெஷின் வீட்டிலேயே இருக்கு டாக்டர், 97 காட்டுது. புகையும் கண்ணுக்குத் தெரியல" என்றார். அவருடைய வாதத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டுமே படித்தவர்களிடமும் காணப்படுபவை.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் புகையும் மூக்குக்குத் தெரியும் பெட்ரோல் நெடியும் கார்பன் மோனாக்சைடு அல்ல. அதற்கு நிறமும் மணமும் இல்லை. நன்றாக டியூன் செய்த எஞ்சின் நெடியைக் குறைக்கும்; ஆனால் 1 விழுக்காடு என்னும் நல்ல அளவும் 10,000 பிபிஎம் ஆகும்.

இரண்டாவது, பல்ஸ் ஆக்ஸிமீட்டர். இந்த வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் ஆக்சிஜனுக்கு வழியில்லை. ஆனால் அவ்வாறு ஒட்டிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பாகவே இருப்பதால், விரலில் மாட்டும் சாதாரணக் கருவி அதனை ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் என்றே எண்ணிவிடுகிறது. நஞ்சேறிய ஒருவருக்கும் அது 97, 98 காட்டலாம். கொரோனாக் காலத்தில் அந்த எண்ணை நம்பச் சொல்லிக் கொடுத்தவர்கள் மருத்துவர்களாகிய நாங்களே. இந்த ஓர் இடத்தில் அதை நம்ப வேண்டாம் என்பதையும் நாங்களே சொல்ல வேண்டும். இதனைக் கண்டறியத் தனி இரத்தப் பரிசோதனை உண்டு.

அந்தப் பெரியவரிடம் காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெருவோரத்தில், திறந்தவெளியில், காற்று வீசும் திசையைப் பார்த்து நின்று அளக்கலாம். மழை பெய்தால் மறுநாள் அளக்கலாம். ஆனால் அவருக்கு நான் அதையும் மறுத்தேன். திருகைத் திருப்புவது அவருடைய மகனாக இருக்கட்டும், அவர் தள்ளி அமர்ந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளட்டும் என்றேன். நுரையீரல் நோயாளிகள், இதயத் தமனி அடைப்புள்ளவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு, மற்றவர் தாங்கும் சிறு அளவும் ஊறு செய்யும். நெஞ்சுவலி உள்ளவருக்கு அது வலியை விரைவில் வரவழைக்கும். கருவிலுள்ள குழந்தையின் இரத்தத்திலிருந்து இந்த வாயு தாயின் இரத்தத்திலிருந்து நீங்குவதைவிட மெதுவாகவே நீங்கும். ஷெட்டை ஒட்டிய அறையில் உறங்குபவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஷெட்டுக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால், பதற்றத்தில் உள்ளே பாய வேண்டாம். முதலில் ஷட்டரை முழுதாகத் திறந்து, உதவிக்கு ஆள் அழைத்து, மூச்சை அடக்கிச் சென்று அவரை வெளியே இழுக்க வேண்டும். எஞ்சினை அணைக்க முடிந்தால் அணைத்துவிடலாம். உடனே 108-ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரமாகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அவசரப் பிரிவுக்கு வந்ததும், "கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஷெட்டுக்குள் இருந்தார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்றுதான் சீட்டில் எழுதப்படும். அந்த இரத்தப் பரிசோதனையை யாரும் கேட்க மாட்டார்கள்.