இரக்கத்துக்கும் அளவு வேண்டும்!

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்வார். கஞ்சத்தனமான பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். என் நினைப்பு தவறு என்று புரியவைத்தது, 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமி.

டி.வி.யில் நாகப்பட்டினத்தைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அழுதோம். உடனே வீடு வீடாகத் துணி சேர்த்தோம். நானும் பீரோவைக் காலி செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் சாயம் போனதும் கிழிந்ததும்கூட இருந்தன. 'இல்லாதவங்களுக்கு இதுவாவது ஆகுமே' என்ற நினைப்பு!

லாரியோடு போய்வந்த என் கொழுந்தன் சொன்னதைக் கேட்டுக் கூனிக் குறுகிப் போனேன். "அண்ணி, ரோட்டோரம் பழந்துணி மலையா கிடக்கு. மாடு மேயுது. உழைச்சுச் சாப்பிட்ட ஜனங்க, அடுத்தவங்க கட்டி அவுத்ததை எப்படித் தொடுவாங்க? ஒரு அம்மா, 'சமைக்க ஒரு குண்டான் இருந்தா கொடுங்க தம்பி'ன்னு கேட்டுச்சு. நம்ம லாரியில அது இல்லை" என்றார்.

துணியோடு போகவில்லை. படகு தருவதற்குத் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டதில், பல ஊர்களில் முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிவிட்டன. படகு கூடினால் கடலில் மீன் கூடுமா? அதேசமயம், கடலோர வயல்களில் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள் பக்கம் அந்த அளவுக்குப் பார்வை போகவில்லை. கண்ணில் பட்டவருக்கே கொட்டுவதும் ஒருவித அநியாயம்தானே?

"இப்படியெல்லாம் யோசிச்சா யாரு கொடுப்பா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வாரி வழங்கியவர்தான். ஆனால், இந்த வறண்ட சீமைக்கு எது நிலைக்கும் என்று யோசித்து வழங்கினார். 1947-ல் கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வரவழைத்தார்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாங்கள் அவசரப்படவில்லை. கொழுந்தன் முதலில் புதுக்கோட்டைப் பக்கம் போய், என்ன தேவை என்று கேட்டு வந்தார். தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி கேட்டார்களாம். அதை மட்டும் அனுப்பினோம். ஒன்றுகூட வீணாகவில்லை.

அழுவதற்கு ஒரு நிமிடம் போதும் தோழியரே. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்க இன்னொரு நிமிடம் செலவழித்தால்தான் என்ன?

- ஒரு வாசகி, காரைக்குடி.