அடுப்புக்கு ஒரு நேரம், தட்டுக்கு ஒரு நேரம்

விராலிமலை, மாத்தூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று ஆட்கள் மாறி மாறி உள்ளே போகிறார்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் செவிலியர்கள், 108 வண்டி ஓட்டுநர்கள், முதல் பேருந்தை எடுக்கும் நடத்துநர்கள், விடியுமுன் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர்கள் என யாருக்குமே வாரம் முழுவதும் ஒரே சாப்பாட்டு நேரம் வாய்ப்பதில்லை. இவர்கள் வயிற்றுப்புண், சர்க்கரை என்று மருத்துவரிடம் போனால் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் வீட்டில் எந்நேரமும் யாரோ ஒருவர் அடுப்படியில் நின்று சுடச்சுட ஆக்கிப் போடுவார் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அந்த நினைப்பை விட்டுவிட்டால்தான் ஷிப்ட் வேலைக்காரருக்கு வீட்டுச் சமையல் கைகூடும். சமைக்கிற நேரம் வேறு, சாப்பிடுகிற நேரம் வேறு என்று வகுத்துக்கொண்ட சமையல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நெடுங்காலமாக இருக்கிறது. அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடக்கிற காய்தான் அதற்கு முதல். அந்தச் சமையலுக்குத் திரும்புவது ஒரு பாதி வேலை. அதற்கு வழிவிடும்படி சந்தையையும் வேலையிடத்தையும் மாற்றுவது மறுபாதி.

எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பது உடம்புக்கு முக்கியம் என்பதற்கு இப்போது நல்ல சான்று கிடைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல்நலமுள்ள 19 பேரை ஆய்வுக்கூடத்தில் நைட் ஷிப்ட் பார்ப்பதுபோல விழிக்க வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களின் ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் கூடியது. அதேபோல விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி கூடவில்லை. 19 பேரை வைத்து முடிந்த முடிவு சொல்லிவிட முடியாது. ஆனாலும் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்ன நாட்டில், இதை அலட்சியம் செய்ய முடியாது. நைட் ஷிப்ட் போகிறவர் முக்கியச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்புமுன் முடித்துவிட்டு, நடுராத்திரியில் பசித்தால் மோர், சுண்டல், அவித்த கடலை என்று சிறிதாக நிறுத்திக்கொள்வது நல்லது. அப்படியென்றால் ஒரே வீட்டில் ஒருவருக்கு மாலை ஆறு மணிக்கும் இன்னொருவருக்குப் பகல் ஒரு மணிக்கும் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். இதற்காக இரண்டு முறை அடுப்பு மூட்ட யாருக்கும் தெம்பு இருக்காது.

திருமயம் வட்டாரத்துச் செட்டிநாட்டு ஊர்களில் மண்டி என்று ஒன்று வைப்பார்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாயை வதக்கி, வெண்டைக்காயைக் கொழகொழப்பு போகும்வரை புரட்டி, அந்தத் தண்ணீரை விட்டுக் கெட்டியாகும்வரை கொதிக்க வைத்தால் தீர்ந்தது. மசாலா அரைக்க வேண்டாம், தேங்காய் சேர்ப்பதில்லை. புளிப்பும் எண்ணெயும் இருப்பதால் சீக்கிரம் ஊசிப்போகாது. மறுநாள் சூடாக்கினால் ருசி கூடத்தான் செய்யும். சோற்றுக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும். வெண்டைக்காய்தான் வேண்டும் என்றும் இல்லை. சித்திரை, வைகாசியில் மாங்காயும் பலாக்கொட்டையும் போடலாம், தை மாதத்தில் பச்சை மொச்சை போடலாம். வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பக்கம் பலாப்பழக் காலத்தில் கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்ட பிறகும், அந்தப் பகுதியின் பெயர் சொல்வது பலாதான். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறியாமல் உலர்த்தி மணலில் போட்டுவைத்தால், பருவம் முடிந்த பிறகும் குழம்புக்கு எடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறும். அதே சமயத்தில்தான் மாங்காயும் வருகிறது. கருவாடு, மாங்காய், பலாக்கொட்டை மூன்றும் சேர்ந்த குழம்பு அந்த நாட்களுக்கே ஏற்பட்டது. வைத்த அன்றைவிட மறுநாள் அது இன்னும் சேர்மானமாக இருக்கும். மழைக்காலத்தில் கீரை; அது பத்து நிமிட வேலை. தை, மாசியில் சர்க்கரைவள்ளியும் பனங்கிழங்கும் அவித்து டப்பாவில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடலாம். இன்றைக்கு என்ன சமைப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் வேலையைப் பருவமே எடுத்துக்கொள்கிறது. தூக்கம் கெட்டு வருகிறவருக்கு இது சின்ன உதவி அல்ல.

நேற்று வைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. வடித்த சோற்றை அப்படியே வெக்கையில் நாள் முழுக்க வைத்திருப்பது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் சோற்றில் தங்கிப் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சேர்த்து வைக்க வேண்டியது புளிக்குழம்பு, தொக்கு, வற்றல், ஊறுகாய் வகையறாவைத்தான். சோற்றை அவ்வப்போது கொஞ்சமாக வடித்துக்கொள்ளலாம், குக்கரில் வைத்தால் கூட நிற்கவும் வேண்டாம். ராத்திரி மிஞ்சியதில் உடனே தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையசோறாகச் சாப்பிட்டுவிட வேண்டும். கோடையில் அதையும் மதியத்துக்குத் தள்ளக் கூடாது. பருப்பு, தேங்காய் சேர்ந்தவற்றை அன்றே தீர்த்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் குழம்பை ஆறியதும் உள்ளே வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்க விடலாம்.

இப்போது எல்லாக் காயும் எல்லா மாதமும் கிடைக்கிறதே, பருவத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். கிடைப்பது உண்மைதான், எந்த விலைக்கு என்பதைப் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, எதற்கெடுத்தாலும் தக்காளி வதக்கும் சமையல் திணறிப் போனது. புளியையும் மாங்காயையும் நம்பிய சமையலுக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. உண்மையான சிக்கல் காயை எப்போது வாங்குவது என்பதில் இருக்கிறது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் விவசாயிக்கும் வாங்குகிறவருக்கும் நல்லது செய்த திட்டம். ஆனால் சந்தை விடிகாலையில் கூடி மதியத்துக்குள் கலைந்துவிடுகிறது. இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவருக்கு மிஞ்சுவது வாடல்தான், இல்லாவிட்டால் தெருமுனைப் பரோட்டாக் கடை. மாலையிலும் சந்தை நடத்தலாம் என்பது புதிய யோசனை அல்ல. அறுத்த காயோடு விவசாயி நாள் முழுக்கக் காத்திருக்க முடியாது என்பது சரியான எதிர்ப்புதான். காலையில் ஒரு பகுதியினர், மாலையில் இன்னொரு பகுதியினர் என்று முறை வைத்தால் அதையும் சமாளிக்கலாம். மாத்தூர், விராலிமலை தொழிற்சாலை வாசல்களில் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு உழவர் குழுக்களின் வண்டி ஒன்று வந்து நின்றாலும் போதும். மக்களின் நேரத்தைப் பற்றி அரசு யோசிப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். தண்ணீருக்கும் சந்தைக்கும் நடந்தே தீர்ந்த பொழுதில் ஒரு பங்கு பெண்கள் கைக்குத் திரும்பியது.

இத்தனையும் கடைசியில் பெண் தலையில்தானே விடியும் என்ற எதிர்ப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். நைட் ஷிப்ட் முடித்து வரும் செவிலியர் அப்படியே அடுப்படிக்குள் நுழைய வேண்டியிருக்கிற வீட்டில், எளிய சமையல் என்று பேசுவதே அநியாயம். மண்டி வைக்கக் கைப்பக்குவம் பெரிதாக வேண்டாம் என்பதன் பொருள், வீட்டில் யார் முதலில் ஓய்வாக இருக்கிறாரோ அவர் வைக்கலாம் என்பதே. வாரத்தில் இரண்டு நாள் குழம்புச் சட்டி ஆண்களின் பொறுப்பு என்று ஆகட்டும். முழுச் சமையலுக்குப் பயப்படுகிறவர்கள் கூட ஒரு புளிக்குழம்புக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வேலை கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியது. அதற்கும் குறைவான ஆட்களை வைத்து நடக்கும் சிறு பட்டறைகளில் டப்பாவை வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டி, சுடவைக்க ஓர் அடுப்பு, கை கழுவி உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், இந்த மூன்றையும் ஒதுக்கித் தருவது பெரிய செலவில்லை. அதைவிடவும் செலவில்லாதது, அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட் என்று வியாழக்கிழமையே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது. ஞாயிறு இரவு போனில் வரும் ஒரு குறுஞ்செய்தியில் திங்கட்கிழமை ஷிப்ட் தெரிகிறவரால் எந்தக் காயையும் வாங்கி வைக்க முடியாது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இதையும் ஒரு கோரிக்கையாக எழுதித் தர வேண்டும்.