லிஃப்ற் கிற் பிறகு வாங்கலாம்

போன வசந்தத்தில் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். 2002 ரேங்லர், 4.0 லீற்றர், ஆறு சிலிண்டர், கையால் கியர் மாற்றுவது. வாங்கிய அன்று இரவே நான் என்ன செய்தேன் தெரியுமா? லிஃப்ற் கிற்றும் 33 அங்குல ரயரும் என்ன விலை என்று ஒன்லைனில் தேடினேன். கூடையில் போட்டும் விட்டேன். ஜீப் கனவோடு இருக்கிற உங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முதல் வருடம் புதிதாக ஒன்றும் பூட்டாதீர்கள். இருக்கிறதைக் கழற்றிப் பாருங்கள். நீங்களே.

அடுத்த நாள் அப்பா பார்க்க வந்தார். ஒரு தரம் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார். "உதுக்குச் சேஃப்ரி குடுத்தவங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

கொடுத்துத்தான் இருந்தார்கள். ஒன்ராறியோவில் பழைய வாகனத்தை உங்கள் பெயருக்கு மாற்றி ஓட அந்தச் சான்றிதழ் தேவை, 36 நாட்களுக்குச் செல்லும். பிரேக் பிடிக்கிறது, லைற் எரிகிறது, ரயரில் தடிப்பு இருக்கிறது என்று அது சொல்லும். பின் டிஃபரென்சலுக்குள் என்ன கிடக்கிறது என்று சொல்லாது.

என்னுடையதற்குள் கிடந்தது பால்தேத்தண்ணி. மூடியைக் கழற்றியதும் அந்த நிறத்தில்தான் வழிந்தது. ஒயிலுக்குள் தண்ணீர் போனால் அப்படித்தான் ஆகும். எப்படிப் போனது என்பதுதான் சுவாரசியம். ஓடி ஓடிச் சூடான அக்சிலை ஒரு ஓடைக்குள் இறக்கினால், உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அப்போது வெளிக்காற்றை இழுக்கத்தான் மேலே ஒரு சிறிய மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துவிடும். எனக்கு முன் வைத்திருந்தவர் தண்ணீருக்குள் ஓடிப் படம் எடுத்திருப்பார் போல. ஒயில் மாற்றவில்லை. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் பெயரிங் போயிருக்கும், அதுவும் ஹாலிபேர்ட்டன் காட்டுக்குள் எங்காவது சிக்னல் இல்லாத இடத்தில்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஒயில் மாற்ற வேண்டும். கீழே வடிக்கிற மூடி ஒன்று, மேலே ஒயில் விடுகிற மூடி ஒன்று. நான் பொறியியலில் முதுமாணி. கீழ் மூடியைக் கழற்றி முழுவதையும் வடித்தேன். பிறகு மேல் மூடிக்கு ஸ்பானரைப் போட்டேன். அசையவில்லை. இருபது வருடம் கனடா உப்புத் தின்ற மூடி ஏன் அசையப் போகிறது? உள்ளே ஒரு சொட்டு ஒயில் இல்லை, விடவும் வழியில்லை, ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகவும் ஏலாது. மேல் மூடி கழருகிறதா என்று பார்த்த பிறகுதான் கீழ் மூடியைத் தொட வேண்டும். எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். ஹீற் கன்னால் மூடியைச் சுற்றி இருந்த அலுமினியத்தைச் சூடாக்கினார், சுத்தியலால் மெல்லத் தட்டினார். பிறகு, "முதல்ல கொஞ்சம் இறுக்கு" என்றார்.

"கழட்டவெல்லோ வேணும்?"

"இறுக்கடா மகன். கறள் உடையட்டும். பிறகு கழட்டு."

கழன்றது.

அப்பா யாழ்ப்பாணத்தில் கராஜ் வேலை செய்தவர். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் கிடையாது. கார்பறேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் ஓட வைத்த ஆட்களில் அவரும் ஒருவர். இங்கே வந்து தொழிற்சாலையில் இரவு வேலை. எங்கள் வானுக்குப் பனிக்குள் கிடந்து பிரேக் மாற்றுவார். ரோச் பிடிக்க நான் போனால், "உந்த ஊத்தைக்குள்ள கை வையாதை, உள்ளுக்குப் போய்ப் படி" என்று அனுப்பிவிடுவார். அவரில் நான் பிழை சொல்லவில்லை. ஆனால் மகன் என்ன செய்கிறான் என்று கலியாண வீட்டில் கேட்டால், "ஐடி" என்பதை எங்கள் ஆட்கள் சத்தமாகவும் "மெக்கானிக்" என்பதை மெதுவாகவும் சொல்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். தனக்குத் தெரிந்த வேலையையே அவர் ஊத்தை என்று சொல்லப் பழகியிருந்தார்.

ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் கணக்குக் காட்டினார். "உன்ர மணித்தியாலச் சம்பளத்துக்கு மெக்கானிக்கிட்டக் குடுக்கிறதுதான் லாபம்." கணக்குச் சரி. ஐந்து வார இறுதி போயிருக்கிறது. ஆனால் கராஜில் அவர்கள் நீங்கள் சொன்னதைத்தான் திருத்துவார்கள். இருபது வருட வாகனத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிவதே பாதி வேலை. ஐடியில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். பழைய சிஸ்ரம் ஒன்றைப் பொறுப்பெடுத்தால் முதல் நாளே புது ஃபீச்சர் போடுவீர்களா? நான் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். என்ன மாற்றினேன், எத்தனையாவது கிலோமீற்றரில், எது கசிகிறது, எது கசிகிற மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஷசியில் ஒட்டு வேலை வந்தால் வெல்டரிடம் போங்கள். பிரேக்கை முதல் முறை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நாளும் அடியில் போகாதீர்கள். ஸ்ராண்ட் வைத்து, தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்பா இதில் மட்டும் பகிடிக்கு இடம் கொடுப்பதில்லை.

ஷசியைத்தான் கட்டாயம் பாருங்கள். ரேங்லரின் ஷசி பெட்டி போல மூடியது, தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் உண்டு. சேறு அடைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே நிற்கும், வெளியே பெயின்ற் பளபளக்கும்போதே உள்ளுக்குள் உக்கிவிடும். சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கினது பொத்தென்று கேட்கும். என்னுடையதில் பின் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பொத்தென்று கேட்டது. லிஃப்ற் கிற் காசு அந்த வெல்டிங்குக்குத்தான் போனது.

வாற சனிக்கிழமை முன் சில்லு யூ-ஜொயின்ற். வளைக்கும்போது கிளிக் கிளிக் என்கிறது. அப்பாவை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஏழுக்கே வந்து நிற்பார்.